மேடையில் அடித்தது நிஜ அடிதான்

பெயர் தாட்சாயணி, வயது முப்பத்திரண்டு, தகப்பனார் பெயர் முனுசாமி, விலாசம் புத்தூர் ரயில் நிலையத்துக்குப் பின்தெரு. தொழில் சினிமாவில் சண்டைக் கலைஞர், கதாநாயகிகளுக்கு டூப் போடுவது. தெலுங்கு பேசுவேன், எழுதப் படிக்கத் தமிழ்தான் வரும் என்பதால், திருப்பதி காவல் நிலையத்தில் தலைமைக் காவலர் முனிரத்தினம் முன்னிலையில் தமிழில் சொல்லி எழுதப்பட்டது.

சென்ற மாதம் குடிபாலா அருகே ஓடாமல் கிடக்கும் ஒரு அரிசி ஆலையில், நடிகை பிரித்திகா நடிக்கும் கராத்தே படத்துக்குச் சண்டைக் காட்சி எடுத்தார்கள். கதாநாயகி மாடியிலிருந்து கீழே குதித்து, எழுந்து எதிரியை உதைக்க வேண்டும். அதை அவருக்குப் பதிலாக நான் செய்தேன். கயிறு கட்டினால் உடம்பு மிதப்பது தெரிந்துவிடும், கீழே அட்டைப்பெட்டி அடுக்கினால் கேமராவுக்குள் வரும் என்று சண்டைப் பயிற்சியாளர் தணிகைவேல் சொன்னார். நானும் சரி என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சின்ன வயதிலிருந்தே நிஜமாக விழுகிறவர்களைப் பார்க்கத்தான் நான் சண்டைப் படத்துக்குப் போவேன். கயிற்றில் தொங்குகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். வழக்குக்கு இது தேவையில்லை என்று தலைமைக் காவலர் சொன்னார். தேவை, எழுதுங்கள் என்று சொன்னேன்.

அதன் பிறகு குதித்தேன். வலது முழங்கை தரையில் மோதி உடைந்தது, அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் எழுந்து உதையையும் உதைத்து முடித்துவிட்டு உட்கார்ந்தேன். தணிகைவேல் டேக் ஓகே என்றார். அதன் பிறகு தயாரிப்பு நிர்வாகி வரதராஜன் சித்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கச் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்லி நானே புத்தூருக்குப் போய் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் எலும்பு உடைந்தால் வேறு எங்கும் போகத் தோன்றாது. அங்கே பச்சிலை அரைத்துப் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள், எங்கே எப்படி அடிபட்டது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் போலீசுக்குத் தகவல் வந்திருக்கும். நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததாக வரதராஜன் இப்போது வாய் கூசாமல் சொல்கிறார்.

நேற்று மாலை திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரி அரங்கில் அந்தப் படத்தின் முன்னோட்டத்தை வெளியிட்டார்கள். நான் அழைப்பில்லாமல் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் குதித்த காட்சி திரையில் வந்தது. உடம்பு என்னுடையது, முகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் பிரித்திகாவின் முகமாக மாற்றியிருந்தார்கள். முழங்கை மடங்கி உடைவது அப்படியே தெரிந்தது. மாணவர்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். அது எனக்குச் சந்தோஷமாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை. அதன் பிறகு வரதராஜன் மைக்கில், கயிறு இல்லை, டூப் இல்லை, எல்லாம் மேடமே செய்தது என்று அறிவித்தார். மேடையில் இருந்த பிரித்திகா தலையைக் குனிந்துகொண்டார்.

அதன் பிறகு மேடையேறி மைக்கை வாங்கி, "வுழுந்தது நானு. கட்டு இன்னும் அவுக்கல, பாத்துக்கோங்க" என்றேன். மைக்கை அணைத்துவிட்டார்கள். மேடைக் காவலுக்கு நின்ற ஒருவர் என் கட்டுப் போட்ட கையைப் பிடித்து இழுத்தார். வலி தாங்காமல் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து, காலைத் தட்டி மேடையிலிருந்து கீழே வீசினேன். அவர் பெயர் சஞ்சய் என்றும், இடுப்பில் அடிபட்டிருக்கிறது என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். கூட்டம் இதையும் நிகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு ஒன்ஸ் மோர் கேட்டது. "நெஜமாத்தான் அடிச்சேன்" என்று கத்தினேன். அதற்கும் கை தட்டினார்கள். அதன் பிறகு போலீஸ் வந்து என்னை அழைத்து வந்தார்கள்.

இன்று காலை வரதராஜனும் தணிகைவேலும் நிலையத்துக்கு வந்தார்கள். நான் சஞ்சயை வீசிய வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டார்களாம். வரதராஜன் என்னிடம், "இன்னாமா, ஊரே பாத்துக்கினு கீது. படத்து வெளம்பரத்துக்காவ நாங்களே ஏற்பாடு பண்ணதுன்னு எழுதிக் குடு. கேஸும் இல்ல, அடுத்த படத்துலயும் நீதான்" என்றார். வேண்டுமென்றே விழுந்ததாகச் சொல்ல சஞ்சயும் சம்மதித்துவிட்டாராம். டேக் ஓகே சொன்ன தணிகைவேல், "எழுதிக் குடுத்துட்டு பொழப்பப் பாரு தாட்சாயணி" என்றார். என் கையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம், கொடுக்காவிட்டால் வழக்கு நடக்கும், அதன் பிறகு எந்தப் படத்திலும் கூப்பிட மாட்டார்கள் என்று தலைமைக் காவலரும் விளக்கினார். எல்லாம் எனக்குப் புரிகிறது.

நான் சம்மதிக்கவில்லை. சஞ்சய் வேண்டுமென்றே விழவில்லை. நான் தூக்கி வீசியதால் விழுந்தார், அவருக்கு வலித்தது, அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் ஏற்பாடு செய்யவில்லை. குடிபாலாவில் குதித்ததை வேறொருவர் பெயரில் எழுதிக்கொண்டார்கள். இந்த அடியையாவது என் பெயரில் எழுதி, என் மீது வழக்குப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது.

வலது கை கட்டில் இருப்பதால் இடது கைப் பெருவிரல் ரேகை,
தாட்சாயணி