சனிக்கிழமை அறை

ஒரு வீட்டை ஒரே நாளில் சுத்தம் செய்துவிடலாம் என்று இறங்குபவர்கள்தான் கடைசியில் அதைக் குப்பையாகவே விட்டுவிடுகிறார்கள். காலையில் பீரோவைக் காலி செய்து கட்டில்மேல் குவிப்பார்கள். மத்தியானத்துக்குள் இடுப்பு விட்டுப்போகும். சாயங்காலம் அந்தக் குவியலை அப்படியே உள்ளே திணித்துக் கதவைச் சாத்துவார்கள். அகலக்கால் வைத்தால் அப்படித்தான். நாளுக்கு ஓர் இடம் என்று பிரித்துக்கொண்டால் எந்த வீடும் கைக்கு அடங்கும். உங்களுக்குப் பாடம் நடத்துவதற்காகச் சொல்லவில்லை, மேடம். என் தம்பி வீட்டில் நடந்ததைக் கேட்டீர்கள். அது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தவள். சின்ன வயதில் சேர்ந்தேன். முட்டி தேய்ந்து, இனிமேல் மாடி ஏற முடியாது என்று ஆன பிறகுதான் வெளியே வந்தேன். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி மூன்றாம் வகுப்பு. லாட்ஜில் மாடிப்படிக்குக் கீழே, அழுக்குத் துணி போட்டுவைக்கும் அறையில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். அவன் அங்கேதான் வளர்ந்தான். பெட்ஷீட் மூட்டைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு வீடு வீடாக வரைவான். எல்லா வீட்டுக்கும் ஜன்னல் பெரிதாக இருக்கும். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பையனை எங்க விடுவீங்க?" என்று கேட்டார்கள். எங்கேயும் விடவில்லை. என் கல்யாணக் கதை அவ்வளவுதான்.

அவன் படித்து ஆர்க்கிடெக்ட் ஆனான். பேர் சொல்லும்படியான கட்டடங்கள் கட்டினான். கல்யாணம் ஆகி, சில வருஷம் வாழ்ந்து, அந்தப் பெண் பிரிந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு, எனக்கு முட்டி விட்டுப்போயிருந்த சமயம், ஒருநாள் லாட்ஜுக்கு வந்தான். காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, "இனிமே எதுக்கு இந்த லாட்ஜு? வந்து என்கூட இருங்க" என்றான். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீடு பெரியது. அழகான வீடு. ஆனால் உள்ளே போனால் அழுகை வரும். அடுப்புக்குப் பின்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு விரல் தடிமனுக்கு இருந்தது. குளியலறைத் தரையில் காலை வைத்தால் ஒட்டியது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சரிசெய்துவிட வேண்டும் என்று விழுந்து விழுந்து வேலை பார்த்தேன். ஐந்தாம் நாள் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. தம்பிதான் கைத்தாங்கலாகப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தான்.

"இங்க பாருங்க, ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். இன்னிக்கு முறை இல்லாத இடத்தைத் தொடாதீங்க. வீடு எங்கயும் ஓடிப் போயிடாது."

குறைவாக வேலை செய் என்று என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிப் பிரித்தோம். திங்கள் சமையலறை. செவ்வாய் ஹால். புதன் குளியலறைகள். வியாழன் ஜன்னலும் பால்கனியும். வெள்ளி துணிமணி. சனிக்கிழமை அவன் படம் வரையும் அறை. ஞாயிறு எனக்கு ஓய்வு. அந்த மாதிரி நிம்மதியான நாட்கள் எனக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் வீடு கட்ட யோசனை கேட்டு ஒரு கணவன் மனைவி வந்தார்கள். டீ கொண்டுபோனேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தம்பியிடம் கேட்டாள்.

"உங்க அம்மாங்களா?"

"இல்லைங்க. வீட்டைப் பார்த்துக்கிறவங்க. ரொம்ப சுத்தமா வேலை செய்வாங்க."

"இப்பல்லாம் இப்படி ஆள் எங்கங்க கிடைக்குது? வாரத்துல ஒருநாள் எங்க வீட்டுக்கும் வர முடியுமா, கேட்டுச் சொல்லுங்களேன்."

"அதெல்லாம் விடமாட்டேங்க" என்று தம்பி சிரித்தான். மூன்று பேரும் சிரித்தார்கள். ட்ரே கையில் இருந்ததால் எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. நானும் சிரித்தேன்.

அவர்கள் போன பிறகு, கோபமில்லாமல்தான், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"வேற என்ன சொல்றது? ஒண்ணு சொன்னா இன்னொண்ணு கேப்பாங்க. எங்க வேலை பார்த்தாங்க, என்ன வேலைன்னு. லாட்ஜு கதையெல்லாம் அவங்ககிட்ட சொல்லிட்டிருக்க முடியுமா? இதுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லைதான். சாப்பாடு இருந்தது, தனி அறை இருந்தது, ஜன்னல்கூட இருந்தது. உப்புப் பெறாத விஷயம். அன்றிலிருந்து வேலைக்காரி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்துவிட்டேன். சொன்னதைச் செய்வது, சொல்லாததைச் செய்யாமல் இருப்பது. இதில் நான் கைதேர்ந்தவள். லாட்ஜில் என்மேல் ஒரு புகார் வந்ததில்லை.

அவன் ஒரு போட்டிக்காக ஏதோ மருத்துவமனைக்கு மாதிரி செய்துகொண்டிருந்தான். அட்டையில் கட்டடம், ஸ்பாஞ்சில் மரங்கள். ஒருநாள் அவன் அறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு, அடிபட்டுவிட்டதோ என்று ஓடினேன். ஸ்கேல்தான் விழுந்திருந்தது. ஓடிய வேகத்தில் என் புடவைத் தலைப்பு பட்டு இரண்டு மரம் சாய்ந்தது. அவன் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"உங்களை யாரு உள்ள வரச் சொன்னது? சனிக்கிழமைன்னா சனிக்கிழமை. மத்த நாள்ல என் கதவுப் பக்கமே வராதீங்க. வீடே பத்தி எரிஞ்சாலும் வராதீங்க. சாப்பாட்டை வெளியில வச்சுட்டுப் போங்க, போதும்."

"சரிங்க" என்றேன். ஏன் 'ங்க' போடுகிறாய் என்று அவன் கேட்கவில்லை. கவனித்தானா என்றுகூடத் தெரியாது.

அடுத்து வந்த திங்கள்கிழமை காலை, நான் சமையலறைப் புகைபோக்கி விசிறியைக் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டிருந்தேன். அவன் அறையிலிருந்து பெரிய சத்தம் வந்தது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலிமேல் ஏறிப் பரணிலிருந்து எதையோ எடுத்திருக்கிறான். நாற்காலி உருண்டுவிட்டது. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது சத்தம் மட்டும்தான். சத்தத்துக்கு ஓடியவள் பட்டதை நான் மறக்கவில்லை. விசிறியைத் தேய்த்தேன். பிசுக்கு ஊறின பிறகு தேய்க்காமல் விட்டால் திரும்பவும் இறுகிக்கொள்ளும்.

கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. ஆமாம், கேட்டது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அதற்கு டாக்டரை வரவழைத்துச் சோதிக்க வேண்டியதில்லை. இடுப்பு உடைந்தவர்கள் எப்படிக் கத்துவார்கள் என்றும் எனக்குத் தெரியும். லாட்ஜில் ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்து கிடந்தார். அன்று நான் இரண்டு மாடி தாவி இறங்கி ஆள் கூட்டிவந்தேன். அவர் என்னை உள்ளே வரக் கூடாதென்று சொல்லியிருக்கவில்லை.

மத்தியானம் தட்டில் சாப்பாடு போட்டு, மூடி, கதவுக்கு வெளியே வைத்தேன். "சாப்பாடு வச்சிருக்கேங்க" என்றும் சொன்னேன். உள்ளே அழுகைச் சத்தம். சாயங்காலம் வந்து பார்த்தேன், தட்டு அப்படியே இருந்தது. வீணாக்க மனம் வரவில்லை. நானே சாப்பிட்டேன்.

செவ்வாய் ஹால். ஒட்டடை அடித்து, விசிறி துடைத்து, சோபா மெத்தைகளைத் தட்டினேன். அவன் அறைக்கதவின் வெளிப்பக்கம் ஹாலைச் சேர்ந்தது, அதனால் அதையும் துடைத்தேன். ஈரத்துணி பலகையில் கீச்சிட்டது. உள்ளே குரல் சட்டென்று நின்றது. பிறகு மெதுவாக, "தண்ணி. கொஞ்சம் தண்ணி மட்டும்" என்றான். ஹால் மேசைமேல் அவன் கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது. கைப்பிடியில் அழுக்கு அதிகம் சேரும். அதைத் தனியாகத் தேய்த்தேன்.

புதன்கிழமை அவனிடம் வேலை பார்க்கும் பெண் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"சார் போனே எடுக்க மாட்டேங்கிறாரு. உடம்பு சரியில்லையா?"

"உள்ளதான் இருக்காங்க. போட்டி வேலை. யாரையும் விட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

"ஐயோ, ஆமா, அந்த மூடுல போனா கடிச்சுத் துப்பிடுவாரு" என்று சிரித்துக்கொண்டே போனாள். நல்ல பெண். அவளைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் சொன்னதிலும் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவள் பேசும்போது அவனால் குரல் எழுப்ப முடிந்திருந்தால் கேட்டிருக்கும். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் நான் வாசலுக்கு வந்தேன். அன்று குளியலறை முறை.

வியாழக்கிழமை ஜன்னல்கள். கண்ணாடிக்குச் செய்தித்தாள்தான் சரி, துணி நூல் விடும். அவன் எதையோ வைத்துத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். விட்டு விட்டு. பால்கனிக்குப் போனால் கேட்காது. வேலையும் அங்கே நிறைய இருந்தது.

உங்கள் டாக்டர், வியாழன் ராத்திரி வரை உயிர் இருந்திருக்கும் என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார். வெள்ளிக்கிழமை வீடு அமைதியாக இருந்தது. துணி மடித்தேன்.

சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தேன். பூட்டியிருக்கவில்லை. அதை நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், நானும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். அது எப்போதுமே பூட்டப்பட்டதில்லை. கதவுக்கு ஒரு முழம் தள்ளிவரை நகர்ந்து வந்திருந்தான். ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். நாற்காலியை நிமிர்த்தினேன். முகத்தைத் துடைத்து, கண்ணை மூடிவிட்டு, வேட்டி சட்டை மாற்றினேன். தரையை இரண்டு தண்ணீர் விட்டுத் துடைத்தேன். சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் செய்வேன். அட்டைக் கட்டடத்தின்மேல் கை படவில்லை. எல்லாம் முடித்த பிறகுதான் உங்களுக்கு போன் செய்தேன். தடயத்தை அழித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அழிக்கவில்லை. அன்று அந்த அறையின் முறை.

பழிவாங்கினீர்களா என்று அந்த இன்ஸ்பெக்டர் கேட்டார். அவருக்கும் பொறுமையாகச் சொன்னேன். கோபம் இருந்திருந்தால் கத்தியிருப்பேன், வீட்டை விட்டுப் போயிருப்பேன். அவன் போட்ட முறைப்படி நடந்தேன், அதில் ஒருநாள்கூடப் பிசகவில்லை. வேலைக்காரி அதற்குமேல் என்ன செய்ய முடியும்? நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அவன் வேறு ஏதாவது சொன்னானா என்று கேட்கிறீர்கள். சொன்னான். திங்கள்கிழமை முதலில் "யாராவது வாங்க" என்றான். அப்புறம் "இங்க பாருங்க" என்றான். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவான். செவ்வாய்க்கிழமை கதவைத் துடைக்கும்போதுதான், தண்ணீர் கேட்ட பிறகு, "அக்கா" என்றான். "அக்கா, நீ வெளியில இருக்கேல்ல? அக்கா, கதவைத் திற." சின்னப் பையன் குரல் மாதிரியே இருந்தது. துணியைக் கீழே வைத்துவிட்டு, கதவில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்துகொண்டேன். வியாழக்கிழமை வரை, வேலைக்கு நடுவில் எப்போதெல்லாம் முடிந்ததோ அப்போதெல்லாம் அங்கே வந்து உட்கார்ந்தேன்.

கதவைத் திறந்திருந்தால் கூப்பிடுவதை நிறுத்தியிருப்பான்.