ரெண்டு லைன் போன்

பாகூர் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் மடியில் புது போன் டப்பா. பக்கத்தில் மனைவி.

"ஒரு லைன் சாவுக்கு, ஒரு லைன் வூட்டுக்கு," என்றார் அவர்.

பிணம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டியை வீட்டிலிருந்தே வாடகைக்கு விடுகிறார் என்பது பேச்சில் புரிந்தது.

"செல்லு போதாதா?" என்றார் மனைவி.

"சார்ஜ் போச்சின்னா? ஒயர் போனு வச்ச எடத்துலயே கெடக்கும்."

"அதுக்கு ரெண்டு லைன் இன்னாத்துக்கு?"

"அன்னிக்கி சோரியாங்குப்பத்துக்குப் பொட்டி அனுப்பப் பேசிக்கினு இருந்தேன். ஊர்லேர்ந்து அம்மா நெஞ்சு வலின்னு நாலு வாட்டி அடிச்சிருக்கு. லைன் கெடைக்கல. இருந்த ஒரே பொட்டியும் போயிடிச்சி. பெத்தவள ஐஸ் கட்டி மேல கெடத்துனேன். இனிமே அப்டி ஆவக்கூடாது."

மனைவி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தயும் போயிட்டாங்க. வூட்டு லைன்ல இனிமே யாரு கூப்புடுவா?"