வெட்டாத டேப்

ராக் கச்சேரிக்கு வருகிறவர்கள் பாட்டு நடக்கும்போது ஏன் பேசுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, சார். டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, கால் கடுக்க உள்ளே வந்து, பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசுகிறார்கள். என்னிடம் இருக்கும் நல்ல டேப் ஒன்றில் அந்த நாய்தான் பாடகரைவிடத் தெளிவாகக் கேட்கிறது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவேன். அதனால்தான் கச்சேரியை யாருக்கும் தெரியாமல் பதிவு செய்ய, கண்ணாடிக் காம்பில் மைக்கை மறைக்கும் யோசனை வந்தது. காதுக்கு ஒன்றாக இரண்டு. வயர் காலருக்குள் இறங்கிக் காலடியில் இருக்கும் பைக்குப் போகும். பையின் அடியில், துண்டுக்குக் கீழே ரெக்கார்டர். டேப் ஓடத் தொடங்கிவிட்டால் தலையைத் திருப்பக் கூடாது. இருமவும் கூடாது. இப்படிப் பதிவு பண்ணுகிற நாங்கள் டேப்பை விற்பதில்லை, தபாலில் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வோம். கேட்டவருக்கு இல்லை என்று சொல்வதில்லை. வெட்டி ஒட்டிக் கொடுப்பதும் இல்லை. நாயோடு பிடித்திருந்தால் நாயோடுதான்.

தும்பியும் தபாலில் வந்தவன்தான். அச்சகத்தில் வேலை. ஒரு இடத்தில் உட்கார மாட்டான் என்பதால் நான் வைத்த பெயர் அது. எனக்கு ஊரெல்லாம் ஆட்கள் உண்டு, சார், ஆனால் எல்லோரும் கவரின் மேல் விலாசமாகத்தான். என் அறைக்குள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "என்னடா, இன்னும் குளிக்கலையா?" என்று கேட்டவன் அவன் ஒருத்தன்தான். ஞாயிற்றுக்கிழமை வருவான். புதிதாக வந்ததைப் போட்டுக் கேட்போம். டிரம்ஸ்காரர் தாளம் தப்பினால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வரும். மற்ற நாட்களில் அவன் நாற்காலியில் என் சட்டைகள் கிடக்கும். சனிக்கிழமை எடுத்து மடித்து வைத்துவிடுவேன்.

அவனுக்கு மூச்சு இழுப்பு உண்டு. இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டான். கச்சேரி வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள் என்பதால் அதையும் என் பையிலேயே, எல்லாவற்றுக்கும் மேலே வைப்போம். மருந்தைப் பார்த்ததும் காவல்காரர் கொஞ்சம் சங்கடப்பட்டுக் கையை எடுத்துவிடுவார், அடியில் துழாவ மாட்டார். "என் நோயாலயும் ஒரு லாபம் பாருடா" என்று தும்பி கண்ணடிப்பான்.

அன்றைக்குப் பஸ்ஸில் போகும்போதுதான் சொன்னான்.

"அக்கா அவ ஊருக்கே வந்துடுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காடா. மாமாவும் அவரோட அச்சகத்தை நீயே வந்து பாத்துக்கோங்கறார். அடுத்த வாரம் கிளம்பறேன்."

"அப்போ கச்சேரி?"

"போதும்டா. இதுதான் கடைசி. நீயும் காலாகாலத்துல ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டு மனுஷனா இரு."

தொடையில் தட்டிச் சிரித்தான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். கோபமெல்லாம் இல்லை, சார். வழியில் வந்த கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன், அவ்வளவுதான்.

கச்சேரியின் நடுவில் மெல்லிய பாட்டு ஒன்று வந்தது. டிரம்ஸ் கிடையாது, ஒரு கிதார், ஒரு குரல். அந்தக் குழு அதை மேடையில் பாடி வருஷக்கணக்காகிவிட்டது, யாரிடமும் சுத்தமான பதிவு இல்லை. பேசுகிற ஜென்மங்கள்கூட வாயை மூடிக்கொண்டன. மேடையில் விட்ட புகை எங்கள் வரிசைவரை வந்தது. தும்பிக்கு இழுக்க ஆரம்பித்தது. என் சட்டைக் கையைப் பிடித்தான்.

பை என் கால்களுக்கு நடுவில் இருந்தது. அதன் வாய் வெல்க்ரோ பட்டை. பிரித்தால் துணி கிழிகிற மாதிரி சத்தம் வரும். நான் ஒரு விரலைத் தூக்கிப் பொறு என்று காட்டினேன். அவனும் எங்கள் ஆள்தானே, புரிந்துகொண்டான். வாயைக் கையால் பொத்திக்கொண்டான். நியாயமாகப் பார்த்தால் அது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. ஒருமுறை அவனே பைக்காகக் குனிந்தான். நான் முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டேன்.

டாக்டர் மூச்சுத்திணறல் என்று எழுதிக் கொடுத்தார். கூட்டம், இருட்டு, புகை. யார் மேலும் தப்பில்லை என்று முடிந்துவிட்டது. அவன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கடைசி நேரத்துல நீயாவது பக்கத்துல இருந்தியேப்பா" என்றார். தங்கமான மனுஷி.

போன வாரம் மறுபடியும் வந்தார். "அந்தக் கச்சேரி டேப்பு ஒண்ணு குடுப்பா. அவன் கடைசியா கேட்ட பாட்டை நானும் ஒரு தடவை கேக்கணும்" என்றார். இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் அந்தப் பாட்டின் நடுவில் அவன் குரல் விழுந்திருக்கிறது. "பைடா... பையத் தொறடா." ரொம்ப மெதுவாக. அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிடலாம் என்று பிளேடோடு உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. அந்த மாதிரிப் பதிவு இனி ஜென்மத்துக்கும் கிடைக்காது, சார். வெட்டினால் பாழ். வெட்டாமல் அவரிடம் கொடுக்கவும் முடியாது. அதனால்தான் உங்களிடம் கொண்டுவந்தேன்.

பாட்டு முடிந்த பிறகாவது திறந்திருக்கலாமே என்கிறீர்கள். சரியான கேள்வி. முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நீங்களே கேளுங்கள், ஓயவே ஓயாது. அந்த நேரத்தில் பத்துப் பையைத் திறந்தாலும் டேப்பில் ஒன்றும் விழாது. அவன் என் சட்டையை இன்னும் விடவில்லை, பிடியில் பலமும் இருந்தது. நான் பையைக் குதிகாலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, அடுத்த பாட்டு தொடங்கும்வரை மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் பக்கத்தையும் ஒரு வரி எழுதுங்கள், சார். அவன்பாட்டுக்கு அக்கா ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமை நான் யாரோடு உட்கார்ந்து கேட்பேன்?