யாரும் வராதீங்க

— ரெண்டு வரி அடிக்கிறதுக்கு இவ்வளவு நேரமாண்ணா? ‘கடல் மோசம், யாரும் வராதீங்க.’ அவ்வளவுதானே? போட்டு அனுப்பு.

— அனுப்பலாம். கேளு பாப்பா, அனுப்பினா வந்துருவாங்க.

— வராதீங்கன்னு சொன்னா எப்படி வருவாங்க? தூக்கக் கலக்கத்துல உளறாத.

— உளறல. நீ மொதல்ல உக்காரு. அந்த ஸ்டூல் வேணாம், அதுல ரெசின் பசை இன்னும் காயல. சேலை ஒட்டிக்கும்.

— இந்த நாத்தத்துல எப்படித்தான் தூங்குறியோ. எங்க பாத்தாலும் ரிப்பேருக்கு வந்த சர்ஃப் போர்டு. கொஞ்சம் ஜன்னலைத் திறக்கட்டுமா?

— திற. தூசி உள்ள வரும், பரவால்ல.

— அண்ணா… வெளிப்பாறை மேல வெள்ளையா தெறிக்குது. அங்கல்லாம் அலை உடையவே உடையாதே.

— உடையாது. எங்கயோ நடுக்கடல்ல பெரும் புயல் அடிச்சாத்தான் உடையும். வருஷத்துக்கு ஒரு தரம், ரெண்டு தரம்.

— போன வருஷம் மாதிரியே இருக்கு.

— ம். அலையை அளக்கக் கடல்ல மிதவை போட்டிருக்காங்கள்ல, அது ராத்திரியே காட்டிடுச்சு. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல பதினெட்டு செகண்டு. அப்பலருந்து கண்ணை மூடல நான்.

— பதினெட்டுன்னா எனக்கு என்ன தெரியும்?

— ரொம்ப தூரத்துலருந்து வர்ற அலைன்னு அர்த்தம். கேளு, ஆழத்துல அது வர்றதே தெரியாது. பாறைத்திட்டு மேல கால் வச்ச உடனே எந்திரிச்சு நிக்கும், மாடி உயரத்துக்கு. அதை விடப் பெரிய சனியன் என்னன்னா, ஆறேழு அலை சேர்ந்தாப்புல வரும், அடிக்கும், போயிடும். அப்புறம் அரை மணி நேரம் குளம் மாதிரி கெடக்கும். அந்த நேரம் பாத்துக் கரைக்கு வர்றவன், ஆகா, அளவா அழகா இருக்கேன்னு இறங்கிடுவான்.

— இப்ப வெள்ளை போயிடுச்சு. குளம் மாதிரிதான் இருக்கு.

— அதான் சொல்றேன்.

— சும்மா எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? இதை அப்படியே எழுது. பசங்க கெளம்பிடப் போறாங்க.

— கெளம்பிட்டாங்க. ‘என்னண்ணே நிலவரம்’னு அஞ்சாறு பேரு கேட்டாச்சு. ரெண்டு பேரைக் கூப்பிட்டுப் பாத்தேன். வண்டி ஓட்டுறவன் எங்க எடுக்கப் போறான்?

— அப்ப கரைக்குப் போய் நின்னு தடு.

— தடுத்தா? ‘பெருசு தனியா அலை ஏறப் பாக்குது’ன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. நான் இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கமா இறங்குவாங்க. காவல் கோபுரத்துக்கு ஆள் வர்றதுக்குள்ள வெயில் ஏறிடும்.

— சும்மா சாக்கு சொல்லாத. நீ சொல்றதை அவங்க வேதவாக்கா எடுத்துப்பாங்கன்னு அவரு சொல்வாரு. தினம் காலைல உன் மெசேஜைப் பாக்காம ஒருத்தனும் பல்லுகூட விளக்க மாட்டான்னு.

— பாப்பாங்க. பாத்துட்டுத்தான்… அது வந்து…

— ‘அது வந்து’ன்னு ஆரம்பிச்சா நீ எதையோ மறைக்கிற. அம்மாகிட்டயும் இப்படித்தான் இழுப்ப. என்ன?

— நான் போடுறது பொய், பாப்பா.

— எது?

— நிலவரம். தினமும் இல்ல. அலை நல்லா இருக்குற நாள்ல மட்டும். நல்லா இருந்தா, ‘காத்து சரியில்ல, தண்ணி கலங்கல், வீட்டுலயே தூங்குங்க’ன்னு போடுவேன்.

— எதுக்கு?

— வேன்காரங்களுக்காக. அந்த வாட்ஸப் குரூப்ல ஐநூறு பேரு இருக்காங்க, பாதிப் பேரு யாருன்னே தெரியாது. ஒரு தடவை நல்லா இருக்குன்னு உண்மையைப் போட்டேன். எங்கெங்கேருந்தோ வேன் வேனா வந்து இறங்கிட்டாங்க. கூலிங்கிளாஸ் என்ன, மேல பறக்குற கேமரா என்ன. எங்க தலை மேலயே வந்து விழுந்தாங்க. ஒருத்தன் மூக்கை உடைச்சிக்கிட்டு என்னைத் திட்டிட்டுப் போனான். அன்னியோட முடிவு பண்ணினோம். நல்லா இருந்தா மோசம்னு போடுறது. நம்ம ஆளுங்க புரிஞ்சிப்பாங்க.

— உங்க ஆளுங்களுக்குன்னு தனியா ஒரு குரூப் வச்சுத் தொலைக்க வேண்டியதுதானே?

— அரை நாள்ல விஷயம் வெளிய போயிடும். இது எங்கயும் எழுதி வைக்காத பழக்கம். பாறைல நாலு தரம் அடிபட்டவனுக்குத் தானா தெரிஞ்சிடும். எவ்வளவு பெருசா புளுகுறேனோ அவ்வளவு நல்லா இருக்குன்னு அர்த்தம்.

— நெஜமாவே மோசமா இருந்தா?

— ‘சுமார்’னு போட்டுட்டு விட்டுடுவேன். யாரும் அவசரப்பட மாட்டாங்க. ஆனா கரைக்கு வந்து பாப்பாங்கள்ல? இன்னிக்கு வந்து பாத்தா குளம். இறங்கிடுவாங்க.

— அப்ப ‘நல்லா இருக்கு’ன்னு போடு. உங்க ஆளுங்க தலைகீழா புரிஞ்சிப்பாங்க.

— வேன்காரங்க? அவங்களுக்கு நீச்சலே அரைகுறை. நேரா பாறைக்குக் கொண்டு போய் விட்ட மாதிரி ஆயிடும்.

— ‘சத்தியமா மோசம்’னு போடு.

— சத்தியம் பண்ணிப் பண்ணியே அதுவும் தேஞ்சு போச்சு. ‘சத்தியமா வராதீங்க’ன்னு நான் போட்ட அன்னிக்குத்தான் கூட்டமே ஜாஸ்தி.

— நல்லா இருக்குண்ணா உங்க பொழப்பு. ரொம்ப நல்லா இருக்கு.

— தெரியும்.

— இரு. இது அவருக்கும் தெரியுமா?

— யாருக்கு?

— யாருக்குன்னா என்ன கேள்வி? அவருக்கு.

— மாப்பிள்ளைக்கா… தெரியும். ஆரம்பிச்சதே நாங்க ரெண்டு பேரும்தான்.

— என் காதுல விழவே இல்லையே.

— நீதான் அலைன்னு பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவியே.

— ஆமா. போயிடுவேன். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. ராத்திரி பூரா ஐஸ் கம்பெனி, விடிஞ்சா கடல். வீட்டுல ஒருத்தி இருக்கான்னு நெனைப்பே கெடையாது. அண்ணா, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லல. யார்கிட்டயும் சொல்லல.

— என்ன?

— கடைசியா வேலைக்குக் கெளம்புறப்ப எங்களுக்குள்ள சண்டை. போர்டை எடுத்து வண்டில கட்டினாரு. காலைல நேரா வீட்டுக்கு வரலாம்லன்னு கேட்டேன். அலை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன்னாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். ‘போனா ஒரேயடியா போயிடு’ன்னு சொல்லிட்டேன்.

— பாப்பா…

— பேசாத, முடிச்சிடுறேன். வண்டிப் பெட்டில அவரு போன் கெடச்சுதுல்ல? அதைத் திறந்து பாத்தேன். ‘கடல் பேய் புடிச்ச மாதிரி இருக்கு, யாரும் வராதீங்க’ன்னு நீ போட்டிருந்த. அதுக்குக் கீழ அவரு ‘வந்துட்டேன்’னு போட்டிருக்காரு. தெரிஞ்சேதானே போயிருக்காரு? மத்தவங்க எல்லாம் கரைல நின்னு பாத்துட்டுத் திரும்பினாங்கள்ல? அவரு மட்டும் ஏன் திரும்பல? நான் சொன்ன வார்த்தைக்கு அதுதான் பதில்னு நெனைச்சேன். போடின்னு சொல்லிட்டுப் போயிட்டாருன்னு. ஒரு வருஷமா அந்த ஒத்த வார்த்தையோடதான் படுக்குறேன், எந்திரிக்கிறேன்.

— ஐயோ, இல்ல பாப்பா. கேளு, கேளு. அது அப்படி இல்ல. மெசேஜைப் பாத்துட்டு, ஆகா இன்னிக்கு அலை பிரமாதம்னு நெனைச்சிருக்காரு. ‘வந்துட்டேன்’னா, எனக்கும் ரெண்டு அலை விட்டு வைங்கடான்னு அர்த்தம். வழக்கமா போடுறதுதான். கம்பெனிலருந்து நேரா வந்தவரு, மத்தவங்களுக்கு முன்னாடி, அரை இருட்டுல. அந்நேரம் கடல் குளமா கெடந்திருக்கும். போய்ச் சேர்ந்தப்புறம்தான் கூட்டமா வந்து அடிச்சிருக்கு. போர்டைக் கால்ல கட்டுற கயிறு பாறை இடுக்குல மாட்டிக்கிச்சு. மத்தவங்க வந்தப்ப வெள்ளையைப் பாத்தாங்க, திரும்பினாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

— அப்ப சண்டையை மனசுல வச்சுக்கிட்டுப் போகல?

— சண்டையா? அதெல்லாம் பாலம் தாண்டுறதுக்குள்ள மறந்திருப்பாரு. உனக்குத் தெரியாதா அவரை? விசிலடிச்சுக்கிட்டே போயிருப்பாரு.

— அவருக்கு விசில் அடிக்க வராது.

— வராதுதான். வெறும் காத்துதான் வரும். ஆனா விடாம அடிப்பாரு.

— ஆமா… எச்சில் தெறிக்கும்.

— அழுறியா?

— அழல. ஒரு வருஷம் கழிச்சு மூச்சு வருது. அப்படியே இரு.

— சரி.

— பாவி. இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன? நான் எப்படி இருக்கேன்னு தினம் பாத்துட்டுத்தானே இருந்த?

— நீ இப்படி நெனைச்சிட்டிருப்பன்னு எனக்குத் தெரியாது பாப்பா. மாப்பிள்ளை போன துக்கம்னுதான் நெனைச்சேன். சொன்னா என் பொய்யால போனாருன்னு தெரிஞ்சிடுமேன்னு பயம். இந்தப் பழக்கத்தை நிறுத்தலாம்னுகூடப் பாத்தேன். திடீர்னு நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. கேட்டா உன் காதுக்கு வரும்.

— உன் பொய்யாலயா?

— ஆமா. வேற யாரால?

— அப்ப அன்னிக்கு நீ போட்டது பொய்யா?

— பொய்தான். விடியக்காலைல கடல் நல்லாத்தான் இருந்துச்சு. வழக்கம்போல மோசம்னு போட்டேன். அப்புறம் மாறிடுச்சு.

— மிதவை ராத்திரியே காட்டிடும்னு இப்பத்தானே சொன்ன?

— அன்னிக்குக் காய்ச்சல்ல கெடந்தேன். மிதவை கணக்கு எதையும் பாக்கல.

— ஆமா, காய்ச்சல். அந்தக் கட்டில்ல சுருண்டு கெடந்த. நான்தான் மேல வந்து மாத்திரை கொடுத்தேன். தலையைத் தூக்கவே முடியல உன்னால.

— நீ கீழ போனப்புறம் எந்திரிச்சேன். சுவரைப் புடிச்சுக்கிட்டு ஜன்னலுக்கு வந்து நானே பாத்தேன், நானே போட்டேன்.

— ‘பேய் புடிச்ச மாதிரி’ன்னு நீயா போட்ட?

— நானாத்தான். பெருசா புளுகினாத்தானே நம்ம ஆளுங்களுக்குப் புரியும். இதோ பாரு பாப்பா, என்னைத் திட்டு, அடி, பேசாமகூட இரு. உன் மேல ஒரு தப்பும் இல்ல.

— என் மேல தப்புன்னு நான் சொல்லவே இல்லையே.

— இல்ல… சண்டை போட்டேன்னு சொன்னியே, அதுக்காகச் சொன்னேன்.

— சரி.

— என்ன சரி?

— சரின்னா சரி. உனக்குப் பொய் சொல்ல வராதுண்ணா. இத்தனை வருஷம் எப்படித்தான் ஊரையே நம்ப வச்சியோ.

— பாப்பா, அது வந்து…

— இழுக்காத. போன் அடிக்குது பாரு. என்னன்னு பாரு.

— பசங்கதான். நான் இன்னும் ஒண்ணுமே போடல, அதுக்குள்ள ‘பாதி வழில இருக்கோம்’னு ஒருத்தன். ‘பெருசு பேசாம இருக்குன்னா செம அலைடா’ன்னு இன்னொருத்தன். சிரிக்கிற படம் வேற.

— போனைக் கொடு.

— என்ன எழுதப் போற?

— எழுதல. நீ எழுதின எதையும் எவனும் நம்ப மாட்டான். என் குரலை அந்தக் குரூப்ல கேட்டதே இல்லைல்ல?

— இல்ல.

— பேசுறதுக்கு எதை அமுக்கணும்?

— அந்த மைக் படம். ஆனா பாப்பா, எது வேணா சொல்லு, அன்னிக்கு நடந்ததை மட்டும்…

— வெளிப்பாறை மேல திரும்பவும் வெள்ளையா வருது. அங்க பாரு. பேசிட்டே இருந்தா பசங்க வந்துருவாங்க. அமுக்கிட்டு விட்டுடலாமா, புடிச்சுக்கிட்டே இருக்கணுமா?

— புடிச்சுக்கிட்டே இருக்கணும். பேசி முடிக்கிற வரைக்கும் விரலை எடுக்கக் கூடாது. நான் புடிச்சுக்கட்டுமா?

— வேணாம். நீ சத்தம் போடாம இரு.

— சரி.

— தம்பிங்களா, நான் உங்க ஐஸ் அண்ணனோட சம்சாரம் பேசுறேன். கடல் பேய் புடிச்ச மாதிரி இருக்கு, யாரும் வராதீங்க. அன்னிக்கும் எங்க அண்ணன் காய்ச்சல்ல கெடக்க, இதே ஜன்னல்ல நின்னு பாத்து இதே வார்த்தையைச் சொல்லிப் போட வச்சது நான்தான். அது உண்மை. பொய்யின்னு நெனைச்சு அவரு வந்தாரு. நீங்க வராதீங்க.