டாக்டர் அடோமாகோவிடம் சொன்னது

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் காரியம் பேசுவது நம் வழக்கம். எல்லோரும் குடித்தாயிற்றா, மாமா? நீங்கள் குலத்தலைவர், கேட்கிறீர்கள், சொல்கிறேன். என் தம்பி போன்சுவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அவனுக்கு மூக்கின் மேல் கோபம்.

அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்றதும் அவன் ஹாம்பர்க்கிலிருந்து போன் செய்தான். "அக்கா, அக்ராவுல என் சிநேகிதன் அடோமாகோ இருக்கான். தலைநகர்லயே பெரிய தனியார் ஆஸ்பத்திரி. செலவ நான் பாத்துக்கறேன், அம்மாவ அங்க சேத்துடு."

"இங்க குமாசி அரசு ஆஸ்பத்திரியிலயும் படிச்ச டாக்டருங்கதான்டா. இங்கன்னா தெனமும் நான் கஞ்சி கொண்டு போவேன். அங்க உன் பணமா வந்து முதுகு தேச்சுவிடும்?"

இதில் தப்பு உண்டா? அன்று நீங்களும் தலையாட்டினீர்கள், மாமா.

அரசு மருத்துவமனையில் கதிர்வீச்சு இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. காத்திருந்தோம். அம்மாவின் புண்ணை நான்தான் கழுவினேன். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரிகூட வாசலோடு நின்றுவிடுவாள். அம்மாவோ அவளிடமும் போன்சு புராணம்தான். "எம்மவன் அக்ராவுல எடம் புடிக்கிறான்டி. அவன் இருக்கறப்ப எனக்கென்ன கொற?" துணியைப் பிழிந்தபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் டாக்டர் அடோமாகோவே கூப்பிட்டார். "திங்கக்கெழம கூட்டிட்டு வாங்கக்கா. படுக்கை தயார். இப்ப ஆரம்பிச்சா பொழைக்க வெச்சுடலாம்."

நான் முற்றத்துக்கு வந்தேன். ஜன்னல் வழியே அம்மா வாழைக்காய்த் தோல் உரிப்பது தெரிந்தது.

"அம்மா நேத்தே போயிட்டாங்க, டாக்டர்" என்றேன். குலத்தலைவரான நீங்கள் முறைப்படி அறிவிக்கும்வரை போன்சுவிடம் மூச்சுவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். நல்ல குடும்பத்துப் பிள்ளை அவர். குலம் அறிவிக்காத சாவைப் பற்றி வாய் திறப்பாரா? நம்மில் உடலைப் பிணவறையில் மாதக்கணக்காக வைத்திருந்துதானே அடக்கம் செய்கிறோம். அதனால் அடக்கத்துக்கு அழைப்பு வரத் தாமதமானதும் அவருக்கு வித்தியாசமாகப் படவில்லை.

போன்சுவிடம், அக்ராவில் கைவிரித்துவிட்டார்கள் என்றேன். அன்றோடு அவன் சிநேகிதனிடம் பேசுவதை விட்டான். அம்மாவிடமும் அதையே சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அழுதாள், அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு வந்த டாக்டர், சுவரொட்டியில் இறந்த தேதியைப் பார்த்தார். தன்னிடம் நான் சொன்ன நாளுக்குப் பிறகு இரண்டு மாதம் அம்மா உயிரோடு இருந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் இன்று இந்தக் கூட்டம்.

ஏன் செய்தாய் என்கிறீர்கள். அழுது முடித்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன்சுவ நம்பிப் பிரயோஜனம் இல்ல. எனக்கு இனி நீதாண்டி, டுஃபி" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்க எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது, மாமா. அந்த இரண்டு மாதமும் என் கையால் கொடுத்தால்தான் சாப்பிட்டாள். ஒரு நிமிடம் நான் கண்ணில் படாவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அக்ராவுக்குப் போயிருந்தால், பாவம், தன்மேல் உயிரையே வைத்திருந்தது யாரென்று தெரியாமலே பிழைத்திருப்பாள்.