மலையிலேயே பலசாலி

குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில், என் பின் இருக்கையில் இருவர் கடற்கொள்ளையர் காமிக்ஸ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

“உன்னையாட்ட ஒருத்தன் இருக்கறான் பாரு மாப்ள. கடல்லயே பலசாலின்னு பட்டம். யாருகிட்டயும் தோக்காதவன்னு அர்த்தமாம்.”

“அதில்ல மாமா. அவனுக்கு ஒருத்தனும் கை கொடுக்க வரமாட்டான்னு அர்த்தம்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“மலையிலயே பலசாலின்னு எஸ்டேட்ல எனக்குப் பேரு வச்சாங்களே. மத்தவங்களுக்கு ஒரு காப்பி மூட்டை, எனக்கு ரெண்டு. இன்னைக்கு முதுகைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

“முடியாதுன்னு சொல்றதுதானே?”

“நொம்பப் பெருமையா இருந்துச்சு மாமா. எஸ்டேட் கணக்கெழுதற ரைட்டரே வச்ச பேரு.”

அந்த ரைட்டர் நான்தான். இன்னோர் ஆளுக்குக் கூலி தராமலிருக்கவே அந்தப் பெயரை வைத்தேன். சேலத்தில் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டேன்.