ஏறினால் நல்லது

“மெஷினைச் சரி பண்ணினேன். அதுக்கு மெமோ குடுத்துட்டாரு மேனேஜர்.”

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள். நூல் மில்லில் கம்ப்யூட்டர் பார்ப்பவள் போலிருக்கிறது. மடியில் அகலமான பிரிண்ட் தாள்கள்.

“என்னட்டி சொல்லுத?”

“யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மெஷின் ஓடும்போதே, அதை உள்ளுக்குள்ள நடத்துற கர்னல் புரோகிராம் எந்த வேலைக்கு எம்புட்டு மெமரி எடுத்து வச்சிருக்குன்னு ஷிப்டுக்கு ஒரு லிஸ்ட் எடுக்கேன். பிரிண்டருக்கு எடுத்த மெமரிய மட்டும் அது விடவே மாட்டேங்கு. கூடிக்கிட்டே போகுது. முழுசும் தீர்ந்தா மெஷின் நின்னுரும்.”

“மேனேஜர்ட்ட காட்டலையா?”

“காட்டினேன். லிஸ்ட்டை நூல் உற்பத்தி போர்டு பக்கத்துல ஒட்டச் சொல்லிட்டாரு. எங்க மில்லுல எந்த நம்பர் ஏறினாலும் நல்லதுதான். ஞாயித்துக்கிழமை மெஷினை நிறுத்தி மறுபடி ஓட்டினேன், நம்பர் இறங்கிருச்சு. உற்பத்தி ஏன் குறைஞ்சதுன்னு மெமோ.”

“வெளக்கிச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். ‘குறைஞ்சா எல்லாரும் இப்படித்தான் காரணம் சொல்லுவீங்க’ன்னாரு.”

“இப்ப என்ன செய்யுத?”

“தொடுறதே இல்ல. நம்பர் ஏறுது. போர்டுல என் பேரை எழுதிப் பாராட்டியிருக்காங்க.”

“மெஷின்?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கும். நிக்கிற அன்னிக்கு நம்பர் உச்சத்துல இருக்கும். மெமோவும் எனக்குத்தான் வரும்.”